ஐந்து ரூபாய்ப் பொட்டலமும் அரை மணி நேரமும்

ஏற்காட்டுக்கு மேலே, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பெட்டிக்கடைகளில் காய், பழம் இருக்கிறதோ இல்லையோ, மிட்டாயும் கார நொறுக்குத்தீனியும் அடைத்த ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்கும். தோட்ட வேலைக்குக் கிளம்பும் அம்மா, பிள்ளை அழாமல் இருக்க அதில் ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போவார். சாயங்காலம் வரை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும். பல்லுக்கு வினையே அந்தக் கொஞ்சம் கொஞ்சத்தில்தான்.

சொத்தையில் புழு இருக்கிறது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. புழு கிடையாது. பல்லில் படியும் வழுவழுப்பான படலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. சர்க்கரை கிடைத்ததும் அமிலத்தை வெளியிடும். அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு அங்கே சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். பிறகு எச்சில் அமிலத்தைத் தணித்து, கரைந்ததில் கொஞ்சத்தைத் திரும்பப் பல்லில் சேர்க்கும். அமிலம் தணியவே ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும்.

இனி கணக்குப் போடுங்கள். நாலு மிட்டாயையும் சோற்றோடு சேர்த்துத் தின்றால் பல்லுக்கு ஒரு அரை மணிச் சோதனை. மணிக்கு ஒன்றாகத் தின்றால் நாலு. மிட்டாய் அதே நாலுதான்.

"காரம்தானே, இனிப்பில்லையே" என்பதும் செல்லாது. மாவுச்சத்தை எச்சிலே சர்க்கரையாக உடைத்துவிடும். ஜவ்வரிசி ஊரான சேலத்துக்காரர்களுக்கு மாவு எப்படி ஒட்டும் என்று சொல்லித்தரவா வேண்டும்? தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் குறைவு. சர்க்கரைப் பாலைக் குடித்துவிட்டு அப்படியே படுத்தால் இரவெல்லாம் தணிக்க ஆளில்லை.

"விழுகிற பல்தானே" என்று விடுகிறோம். ஆனால் ஆறு வயதுவாக்கில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். பலர் அதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

ஃபுளூரைடு கலந்த பற்பசை எனாமலை அமிலத்துக்கு எளிதில் மசியாததாக்கும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அப்புறம் ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். விழுங்காமல் துப்ப வேண்டும். சேலம், தருமபுரிப் பக்கத்துச் சில ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைப் பல் உருவாகும் வயதில் குடித்து வளர்ந்தால் பற்களில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ திட்டு விழலாம். அந்தப் பிள்ளையைப் பல் துலக்கவில்லை என்று திட்டுவது அநியாயம்.

சொத்தை விழுந்துவிட்டால்? மலைக் கிராமத்துக்குப் பல் நாற்காலியும் துளைக்கும் கருவியும் ஏறி வருவது சிரமம். சில்வர் டையமின் ஃபுளூரைடு என்ற திரவத்துக்கு அவை தேவையில்லை. பல் மருத்துவர் ஒரு சொட்டைத் தொட்டுச் சொத்தையில் தடவினால், வெள்ளி கிருமிகளைக் கொல்லும், ஃபுளூரைடு பல்லைக் கெட்டியாக்கும். ஊசி கிடையாது. ஆனால் சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும், பெற்றோர் பதறுவதும் அதற்குத்தான். மெத்தென்று பழுப்பாக இருந்தால் சொத்தை இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. கறுத்துக் கெட்டியாகிவிட்டால் அங்கேயே நின்றுவிட்டது.