அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எப்படிக் கை தட்டுகிறார்கள்?

குடியாத்தத்திலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தெருமுனைக் கூட்டத்தில் பேச்சாளர் ஒரு வரியை முடித்ததும் எல்லாரும் ஒன்றாகக் கை தட்டினார்கள். யாரும் சைகை காட்டவில்லை. எப்போது தட்ட வேண்டும் என்று அத்தனை பேருக்கும் எப்படி சார் தெரிகிறது?"

மேடைப் பேச்சைப் பற்றி எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை "மக்களை எப்படி மயக்குகிறார்கள்?" என்றுதான் இருக்கும். அதை அளந்து பார்க்க வழியில்லை. இந்த மாணவி கேட்டிருப்பதைக் கடிகாரம் வைத்து அளக்கலாம். அளந்தும் இருக்கிறார்கள்.

கை தட்டுவதற்கென்றே ஆள் கூட்டி வருவது உண்டு. ஆனால் அவர்களுக்கும் எந்த நொடியில் தட்ட வேண்டும் என்று தெரிய வேண்டுமே! முன்வரிசை தட்டுவதைக் கேட்டுப் பின்வரிசை தட்டுகிறது என்று சொல்லலாம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையடியில் எழும் கைதட்டல் 100 மீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்கு வர 0.3 நொடி. அதைக் கேட்டு அவர் கையைத் தூக்க இன்னும் 0.2 நொடியாவது ஆகும். வெறும் கேட்டுச் செய்வதாக இருந்தால் கைதட்டல் முன்னிருந்து பின்னுக்கு அலையாக நகர வேண்டும். நல்ல பேச்சில் அப்படி நகர்வதில்லை, ஒரேயடியாக வெடிக்கிறது.

இதற்கு விடை மேடையில் இல்லை, நம் வீட்டுத் திண்ணைப் பேச்சில் இருக்கிறது. இரண்டு பேர் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளியை 10 மொழிகளில் அளந்து 2009இல் ஒரு ஆய்வு வெளியானது. சராசரி இடைவெளி ஏறத்தாழ 0.2 நொடி. ஆனால் ஒரே ஒரு சொல்லை மனதில் தேர்ந்து வாயில் கொண்டுவரவே மூளைக்கு 0.6 நொடி ஆகிறது. அப்படியென்றால் எதிராளி முடிக்கும் முன்பே, அவர் எங்கே முடிக்கப் போகிறார் என்று நாம் கணித்துவிடுகிறோம். அந்தப் பத்தில் ஜப்பானிய மொழியும் ஒன்று. தமிழைப் போலவே வினைமுற்றைக் கடைசியில் வைக்கும் மொழி அது. அங்கேயும் யாரும் வினைமுற்று வரட்டும் என்று காத்திருக்கவில்லை.

மேடைப் பேச்சாளர் செய்வதெல்லாம் இந்தக் கணிப்பை ஆயிரம் பேருக்கும் ஒரே நேரத்தில் எளிதாக்கித் தருவதுதான். நம் ஊர்க் கூட்டத்தில் விழக்கூடிய ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்:

"பாலாற்றில் அன்று ஓடியது வெள்ளம், இன்று ஓடுவது லாரி!"

'அன்று' என்றதுமே ஓர் 'இன்று' வரப்போகிறது என்று காது தயாராகிவிடுகிறது. 'ஓடியது வெள்ளம்' என்ற முதல் பாதி ஓர் அச்சு. 'இன்று ஓடுவது' என்னும்போது அந்த அச்சில் நிரம்பாமல் இருப்பது ஒரே ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் வரவேண்டிய சொல் எத்தனை நீளம் இருக்கும், எங்கே முடியும் என்பதெல்லாம் கேட்பவருக்கு முன்பே தெரியும். என்ன சொல் என்பது மட்டும்தான் தெரியாது. 'லாரி' விழுகிறது, கட்டம் நிரம்புகிறது, கைகள் சேர்கின்றன. பள்ளியில் முரண் தொடை என்று படிக்கிறோமே, அது இங்கே நேரம் காட்டும் கருவியாக வேலை செய்கிறது.

பிரிட்டனில் மேக்ஸ் அட்கின்சன் என்ற ஆய்வாளர் 1980களில் அரசியல் கூட்டங்களின் ஒலிப்பதிவுகளை இப்படித்தான் நொடி நொடியாகப் பிரித்துக் கேட்டார். பிறகு ஜான் ஹெரிட்டேஜ், டேவிட் கிரேட்பேட்ச் இருவரும் 1981 கட்சி மாநாடுகளின் 476 உரைகளை எடுத்துக்கொண்டார்கள். கைதட்டல்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், ஏழே ஏழு வகைச் சொல்லமைப்புகளை ஒட்டி எழுந்திருந்தன. அதில் முரணுக்கு முக்கிய இடம்.

மும்முறை அடுக்குவது இன்னொன்று. "நெல்லுக்கும் விலையில்லை, கரும்புக்கும் விலையில்லை, அதை விளைவிக்கிறவன் உயிருக்கும் விலையில்லை!" முதல் இரண்டில் அச்சு பதிகிறது, மூன்றாவதில் முடியும் என்று காது எதிர்பார்க்கிறது. இந்த இடத்தில் தமிழ், ஆங்கிலத்தைவிட ஒரு படி மேலே போகிறது என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் 'அண்ட்' கடைசிப் பொருளுக்கு முன்னால் ஒருமுறை வந்தால் போதும். நம் எண்ணும்மை ஒவ்வொரு சொல்லிலும் ஒட்டிக்கொள்ளும். 'நெல்லுக்கும்' என்று முதல் உம்மை காதில் விழுந்த கணமே, இன்னும் வரும் என்று அறிவிப்பு வந்தாயிற்று. ஐந்து மதிப்பெண் வினாவுக்காக நாம் மனப்பாடம் செய்த இலக்கணம், ஒரு மைதானத்தையே மூச்சைப் பிடித்து நிற்க வைக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பெயரெச்சம். வேலூர் மண்டித் தெருப் பக்கம் ஒரு கூட்டம். நான் டீக்கடை ஓரமாக நின்றிருந்தேன். பக்கத்தில் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர், கையில் பாதி டீயோடு. மேடையில் வரவேற்புரை: "கடைக்கோடித் தொண்டனையும் பெயர் சொல்லி அழைக்கும், இரவென்றும் பகலென்றும் பாராமல் உழைக்கும், நம் நெஞ்சில் நிறைந்திருக்கும்..." அழைக்கும், உழைக்கும், நிறைந்திருக்கும் என்று ஒவ்வொரு பெயரெச்சமும் ஒரு பெயரைத் தேடி முன்னால் சாய்ந்துகொண்டே போகிறது. மூன்றாவது 'உம்' வந்தபோது பெரியவர் டீ கிளாஸைப் பெஞ்சின் மேல் வைத்தார். பெயர் இன்னும் வரவில்லை. பெயரின் கடைசி எழுத்து ஒலிபெருக்கியில் விழுவதற்குள் அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் சேர்ந்துவிட்டன. ஆய்வுக்கூடத்தில் செய்திருந்தால் இதைவிடத் தெளிவான செய்முறை கிடைத்திருக்காது. அடைமொழிகளை முதலில் சொல்லிப் பெயரைக் கடைசியில் வைக்கும் இந்த உத்தியை அட்கின்சன் ஆங்கிலப் பேச்சிலும் கண்டார். அவர்கள் அதற்காக வாக்கியத்தைத் தனியாகத் திட்டமிட வேண்டும். நமக்கு மொழியே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

கணித்துத் தட்டுபவர்கள் தொடங்கிவைக்க, மற்றவர்களுக்கு அது தொற்றிக்கொள்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பக்கத்து இருக்கைக்காரரைவிட, மொத்த அறையில் எத்தனை பங்கு பேர் தட்டுகிறார்கள் என்பதே ஒருவரைத் தட்ட வைக்கிறது என்று தெரிந்தது.

சரி, கை தட்டியவர் நம்பிவிட்டாரா? இங்கேதான் எனக்குக் கவலை. 2000இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஒரே கருத்துள்ள பழமொழிகளை இயைபோடு (கடைசியில் ஒரே ஓசை வருவது) ஒரு வடிவமும் இயைபில்லாமல் ஒரு வடிவமுமாகக் கொடுத்து, மனித இயல்பை அது எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று கேட்டார்கள். இயைபு உள்ளதுதான் கூடுதல் உண்மை என்று மக்கள் மதிப்பிட்டார்கள். காதுக்கு எளிதாக இறங்கிய சுகத்தை, மனம் உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. எதுகை மோனையில் ஊறிய நமக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. ஆனால் அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. ஓசையை வேறாகவும் கருத்தை வேறாகவும் பாருங்கள் என்று முன்கூட்டிச் சொன்னபோது அந்தச் சாய்வு பெரிதும் குறைந்துவிட்டது. ஒரு வரி எச்சரிக்கைக்கே இந்தப் பலன் என்றால், பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் முரண் தொடைக்குப் பக்கத்திலேயே இதைச் சொல்லித்தர வேண்டாமா?

அடுக்குமொழி இல்லாமலும் மக்களை வெல்லலாம் என்பதற்கு மாணவியின் ஊரே சாட்சி. 1954இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று சட்டமன்றத்துக்குப் போன காமராஜர், அலங்காரம் எதுவும் இல்லாமல் வீட்டில் பேசுவது போலத்தான் மேடையிலும் பேசுவார்.

பேச்சு என்பது பிறவி வரம், நாக்கில் சரஸ்வதி குடியிருக்க வேண்டும் என்பதை நான் ஏற்பதில்லை. 1984இல் பிரிட்டனில் மேடைப் பழக்கமே இல்லாத ஒரு பெண்மணிக்கு அட்கின்சன் பயிற்சி கொடுத்து ஒரு கட்சி மாநாட்டில் பேச வைத்தார். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. பேச்சு வர வேண்டும் என்று கைக்குழந்தை நாக்கில் வசம்பு தடவுகிறவர்கள் இன்றும் நம் பக்கம் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் நச்சுத்தன்மை கொண்டது, குழந்தை மருத்துவர்களும் கூடாது என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் முக்கால் நூற்றாண்டு மேடைப் பேச்சு கேசட்டுகளிலும் ஒலிநாடாக்களிலும் கிடக்கிறது. வெயிலிலும் பூஞ்சையிலும் ஒலிநாடா அழிந்துபோகும். சிலைகளுக்கும் மணிமண்டபங்களுக்கும் ஆகும் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால், அவற்றை எண்மமாக்கி, தமிழர் எந்த எழுத்தில் கை தட்டினார்கள் என்று நாமே அளக்கலாம். பிரிட்டன் மாநாடுகளை வைத்தே எவ்வளவு காலம் பாடம் படிப்பது?

அதுவரைக்கும் மாணவிக்கு ஒரு வேலை. அடுத்த கூட்டத்தை உன் கைபேசியில் பதிவு செய், அம்மா. ஒலியை அலசிப் பார்க்க உதவும் பிராட் (Praat) என்ற மென்பொருள் இணையத்தில் இலவசம். பதிவை அதில் திறந்தால் பேச்சு மேடும் பள்ளமுமாகத் தெரியும், கைதட்டல் அடர்ந்த பட்டையாகத் தெரியும். பட்டை தொடங்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார். அதன் அடியில் பேச்சாளரின் கடைசிச் சொல் இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுது.