மருத்துவக் கவனக்குறைவு: இழப்பீடு எப்போது கிடைக்கும்?

சிங்கப்பூரில் சிகிச்சை சரியாக அமையாவிட்டாலே இழப்பீடு கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காட்ட வேண்டிய கவனத்தை மருத்துவமனை காட்டவில்லை, அதனால்தான் பாதிப்பு வந்தது என்ற இரண்டையும் நாம்தான் நிரூபிக்க வேண்டும். 2019ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு வந்த ஒரு வழக்கில், 2007ல் எடுத்த எக்ஸ்ரேயிலேயே நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்திருந்தது. புற்றுநோய் என்று தெரிந்ததோ 2012ல். எக்ஸ்ரே முடிவுகளைப் பின்தொடரும் ஏற்பாட்டிலேயே குறை இருந்தது என்று சொல்லி, பொது மருத்துவமனையை நீதிமன்றம் பொறுப்பாக்கியது.

தொகை ஏன் பெரிதாகிறது? வலிக்கான ஈடு ஒரு பங்குதான். இழந்த சம்பளம், இனி வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் பராமரிப்பு எல்லாம் கணக்கில் சேரும். பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்குப் பல பத்தாண்டுகள் தாதிமை தேவைப்படலாம். பராமரிப்புச் செலவு ஏற ஏற, இழப்பீடும் ஏறும். பொது மருத்துவமனை கொடுக்கும் பணம் கடைசியில் பொதுப் பணம்தான். ஆனாலும் அந்தக் குழந்தைக்குச் சேர வேண்டியதைக் குறைத்து மிச்சம் பிடிப்பது நியாயமில்லை.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. வழக்குக்குப் பயந்து தேவையில்லாத பரிசோதனைகளை எழுதும் பழக்கம் அது. அந்தப் பயத்தைக் கிளப்பிய ஒரு வழக்கில், ஊசியின் பக்கவிளைவுகளைச் சொல்லாததற்காக ஒரு மருத்துவருக்கு விதிக்கப்பட்ட 100,000 வெள்ளி அபராதத்தை 2019ல் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வழக்கு மருத்துவர்களிடையே எழுப்பிய கவலைக்குப் பிறகு, 2020ல் நாடாளுமன்றம் குடிமையியல் சட்டத்தைத் திருத்தியது. புதிய விதி 2022 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது.

நமக்கு முக்கியமானது அந்த விதிதான். மருத்துவர் தந்த ஆலோசனை சரியா என்பதைச் சக மருத்துவர்களின் கருத்தை வைத்தே பார்ப்பார்கள். ஆனால் முடிவெடுக்க நோயாளிக்கு நியாயமாகத் தேவைப்படும் விவரத்தை அவர் சொல்லியிருக்க வேண்டும். நம் கேள்வியிலிருந்தோ மருத்துவக் குறிப்பிலிருந்தோ நமக்கு எது முக்கியம் என்று அவருக்குத் தெரியவந்தால், அதையும் விளக்கியிருக்க வேண்டும். நம் பெரியவர்கள் பலர் "டாக்டருக்குத் தெரியாததா" என்று தலையாட்டிவிட்டு வருகிறார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தடுமாறினால், தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர் கூடப் போங்கள். "எனக்குத் தையல் வேலைதான், கை மரத்துப்போகுமா?" என்று வாய்விட்டுக் கேட்கட்டும். கேட்டதையும் பதிலையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

சரி, தவறு நடந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால்? முதலில் மருத்துவமனையிடம் எழுத்துமூலம் விளக்கமும் மருத்துவ அறிக்கையும் கேளுங்கள். சமரசப் பேச்சில் முடிந்தால் செலவும் மன உளைச்சலும் குறைவு. முடியாவிட்டால் 60,000 வெள்ளி வரையிலான கோரிக்கை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திற்கும், 250,000 வரை மாவட்ட நீதிமன்றத்திற்கும், அதற்கு மேல் உயர் நீதிமன்றத்திற்கும் போகும். சிங்கப்பூர் மருத்துவ மன்றம் மருத்துவர்மீது நடவடிக்கை எடுக்கும், இழப்பீடு வாங்கித் தராது.

பாதிப்பு நேர்ந்ததிலிருந்து, அல்லது அது தெரியவந்ததிலிருந்து, பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். மருத்துவமனையோடு கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதும் இந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் வழக்கறிஞரைச் சீக்கிரம் பாருங்கள். வருமானம் குறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அரசாங்கத்தின் சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.