தேதியை அச்சிட்டால் ஏன் வருடம் மாறுகிறது?

2019 டிசம்பர் 30 என்ற தேதியை ஜாவா என்ற நிரல்மொழியில் அச்சிடச் சொல்லுங்கள். ஆனால் வருடத்துக்கான குறியீடாகச் சின்ன ஒய் நான்கு (yyyy) போடுவதற்குப் பதில் பெரிய ஒய் நான்கு (YYYY) போடுங்கள். 2020 டிசம்பர் 30 என்று வரும்! பெரிய ஒய் கேட்பது காலண்டர் வருடத்தை அல்ல, அந்த வாரம் எந்த வருடத்தின் கணக்கில் வருகிறது என்பதை. 2020 ஜனவரி 1 அதே வாரத்தின் புதன்கிழமையில் வந்துவிட்டதால் அது 2020-இன் முதல் வாரம். மார்ச்சிலோ ஆகஸ்டிலோ சோதித்துப் பார்த்தவருக்கு இரண்டும் ஒரே விடையைத்தான் தந்திருக்கும், அதனால் இந்தப் பிழை கண்ணில் படாமல் நழுவி, வருடக் கடைசியில்தான் தலைகாட்டும்.

இதை நிரல் எழுதியவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரே எழுத்தைப் பெரிதாகப் போட்டால் ஒரு பொருள், சின்னதாகப் போட்டால் வேறு பொருள் என்று வைத்தது மொழியை வடிவமைத்தவர்கள். சி மொழியில் சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம்; ஜாவாவில் அப்படியே தலைகீழ். கோ மொழி குறியீட்டெழுத்துகளையே தூக்கிப்போட்டுவிட்டு, 2006 ஜனவரி 2, மாலை 3 மணி 4 நிமிடம் 5 விநாடி என்ற ஒரே நேரத்தை மாதிரியாக வைத்துக்கொண்டது. அதை உங்களுக்கு வேண்டிய வடிவில் எழுதிக் காட்டினால் போதும். படிக்க எளிது, ஆனால் 1 என்றால் மாதம், 2 என்றால் நாள் என்ற அமெரிக்க வரிசை மனதில் நிற்க வேண்டும்.

சரி, இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. அச்சிடும் எழுத்தை யார் படிக்கப்போகிறார்கள், மனிதரா, இன்னொரு நிரலா? பழைய மொழிகள் பல இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. சி-யில் எழுதிய ஒரு நிரல், கணினியின் வட்டார அமைப்பை, அதாவது எண்ணையும் தேதியையும் எந்த நாட்டு வழக்கப்படி எழுதுவது என்ற அமைப்பை, ஏற்றுக்கொள்ளும்படி ஒரே ஒரு வரி சேர்த்ததும், ஜெர்மன் அமைப்புள்ள கணினியில் தசமப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளியை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். அப்புறம் கோப்பில் 3.14 என்று இருப்பதை, எழுத்தை எண்ணாக மாற்றும் ஏடிஓஎஃப் (atof) என்ற சி வசதி படிக்கும்போது புள்ளி வந்த இடத்திலேயே நின்று 3 என்று திருப்பித் தரும். பிழைச் செய்தி எதுவும் வராது, கணக்கு மட்டும் தப்பாகப் போய்க்கொண்டிருக்கும். அந்த வரியை நீங்களே எழுதியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, நீங்கள் இணைத்த ஏதோ ஒரு நூலகத்தில், அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பில், அது இருக்கலாம்.

அதனால்தான் ரஸ்ட் மொழியின் அடிப்படை அச்சிடும் வசதி வட்டார அமைப்பைத் திரும்பியே பார்ப்பதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எந்தக் கணினியிலும் புள்ளி புள்ளிதான். மனிதருக்காக அழகாக எழுத வேண்டுமென்றால் எந்த வட்டாரம் என்று வெளிப்படையாகச் சொல்லித் தனி நூலகத்தைக் கூப்பிட வேண்டும்.

நிரலுக்காக எழுதும் எண்ணுக்கு ஒரே ஒரு கடமை, திரும்பப் படித்தால் அதே எண் கிடைக்க வேண்டும். 0.1 என்பதை இரும எண்ணாகத் துல்லியமாகச் சேமிக்க முடியாது, உள்ளே இருப்பது அதைவிடத் துளி பெரியது. பைத்தான் மொழியின் பழைய பதிப்புகள் பாதுகாப்புக்காக 17 இலக்கம் வரை போய் 0.10000000000000001 என்று காட்டும். 3.1 பதிப்பிலிருந்து, திரும்பப் படித்தால் அதே இரும எண்ணைத் தரக்கூடிய மிகக் குறுகிய எழுத்து எது என்று தேடி 0.1 என்று காட்டுகிறது. கேட்க எளிதாக இருந்தாலும் இதை வேகமாகச் செய்யும் வழியைப் பல ஆண்டுகளாகத் தேடியிருக்கிறார்கள், உல்ஃப் ஆடம்ஸ் 2018-இல் வெளியிட்ட ரியூ என்ற கணக்கீட்டு முறை அதில் ஒன்று.

மனிதருக்கான எழுத்து அப்படி நிலையாக நிற்காது, பழக்கத்தோடு சேர்ந்து அதுவும் மாறும். உலகமெங்கும் தேதியும் எண்ணும் எப்படி எழுதப்படுகின்றன என்று யூனிகோடு அமைப்பு திரட்டி வைத்திருக்கும் தரவுத் தொகுப்பு சிஎல்டிஆர். அதன் 42-ஆம் பதிப்பு 2022-இல் வந்தபோது, ஆங்கில நேரத்தில் மணிக்கும் பிஎம்முக்கும் நடுவே இருந்த சாதாரண இடைவெளி, வரி உடையாத குறுகிய இடைவெளியாக மாறியது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஜாவா 20-இல் அந்த மாற்றம் வந்து சேர்ந்ததும், திரையில் காட்டுவதற்கான நேரத்தையே சேமித்துவைத்துத் திரும்பப் படித்துக்கொண்டிருந்த நிரல்கள் நேற்றுவரை படித்த அதே எழுத்தைப் படிக்க முடியாமல் நின்றன.