மழை எங்கிருந்து வந்தது?

“அண்டைக்கு நல்ல மழை, பிள்ளை.”

கொட்டாஞ்சேனைக் கொலை வழக்கொன்றின் முக்கிய சாட்சி புதுக்கடை நீதிமன்றத் தாழ்வாரத்தில் என்னிடம் சொன்னார். கொலையுண்டவரின் குடும்பத்துக்காக ஆஜராகும் சட்டத்தரணி நான். ஏழு வருடங்களுக்கு முன் அவர் பொலிஸில் கொடுத்த வாக்குமூலம் என் கையில் இருந்தது. அதில் மழையே இல்லை. முற்றத்தில் காயப்போட்ட சாரத்தை எடுக்க வெளியே வந்தபோதுதான் சத்தம் கேட்டது என்று சொல்லியிருந்தார்.

விசாரித்தபோது புரிந்தது. அந்தச் சம்பவத்தை யாரோ குறும்படமாக எடுத்து, “உண்மைச் சம்பவம்” என்று போட்டிருந்தார்கள். பேரன் அதைப் போனில் காட்டியிருக்கிறான். படத்தில் கொட்டும் மழை, கானுக்குள் ஓடும் இரத்தம். பெரியவர் பொய் சொல்லவில்லை. அந்த மழை அவர் கண்ணில் நிற்கிறது. குறுக்கு விசாரணையில் எதிரி தரப்புச் சட்டத்தரணி பழைய வாக்குமூலத்தை நீட்டினார். அதன்பின் அவர் உண்மையாகவே கண்ட கத்தியும் சந்தேகத்துக்குள்ளானது.

ஒரு மனிதரின் ஞாபகத்துக்கு இது நடந்தால், ஊரின் ஞாபகம் என்னவாகும்? பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொள்ளைக்காரன் உதுவன்கந்த சரதியேலை, இருப்பவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்த வீரனாக நாடகமும் சினிமாவும் நமக்குத் தந்தன. அவனது கூட்டத்தைப் பிடிக்கப் போன கான்ஸ்டபிள் சபான், 1864 மார்ச் 21 அன்று சுடப்பட்டு இறந்தார். மலாய் இனத்தவர். கடமையில் உயிர்விட்ட முதல் பொலிஸ்காரர் என்று அதே நாளில் பொலிஸார் ஆண்டுதோறும் அவரை நினைவுகூருகிறார்கள். பொலிஸுக்கு வெளியே எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

எல்லாப் படத்தையும் குறை சொல்ல வரவில்லை. கொலைக் குற்றத்துக்கு மரண தண்டனை பெற்ற மரு சிரா, 1975 ஆகஸ்டில் கண்டி போகம்பறைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். சுயநினைவில்லாத அவரை ஸ்ட்ரெச்சரில்தான் கொண்டுபோனார்கள். மூன்றே வருடத்தில் அவர் வாழ்க்கை சிங்களப் படமானது. சட்டப் புத்தகத்தோடு முடிந்திருக்கக்கூடிய ஒரு வாழ்க்கை, சாதாரண சனங்களின் பேச்சுக்கு வந்தது. ஆனால் அப்போது தீர்ப்பு வந்து, தண்டனையும் முடிந்திருந்தது. விசாரணையில் இருக்கும் வழக்கைப் படமாக்குவது வேறு. சாட்சி இன்னும் கூண்டில் ஏறவில்லை, தாய் இன்னும் தவணைக்குத் தவணை பஸ் ஏறி வருகிறாள்.

படம் எடுக்கும் தம்பி, தங்கச்சிமாரிடம் கேட்கிறேன்: தீர்ப்பு வரும்வரை பொறுங்கள். இறந்தவரின் வீட்டுக்கு முதலில் போங்கள். நீங்கள் சாட்சியாக இருந்தால், உங்கள் வழக்கைப் பற்றிய எந்த வீடியோவையும் பார்க்க வேண்டாம். பார்த்துவிட்டால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அன்று கூண்டை விட்டு இறங்கிய பெரியவர், கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“அப்ப மழை பெய்யேல்லையே, பிள்ளை?”