இடப்பெயர்ப்பு

ஒரு விலங்கை ஓரிடத்தில் பிடித்து வேறிடத்தில் விடுவதைக் காட்டுயிர்ப் பாதுகாப்பில் 'டிரான்ஸ்லொகேஷன்' என்பார்கள். இலத்தீனில் 'டிரான்ஸ்' அப்பால், 'லோக்கஸ்' இடம்.

தமிழில் இதற்கு 'இடமாற்றம்' என்று எழுதினால் எனக்குத் தாசில்தார்தான் கண்முன் வருகிறார். 'இடப்பெயர்வு' என்பதும் ஒட்டவில்லை. பெயர்வது தன்வினை. 2023இல் அரிக்கொம்பன் யானை பெரியாறு காட்டிலிருந்து கம்பத்துக்கு இறங்கி வந்ததே, அது இடப்பெயர்வு. மயக்க ஊசி போட்டு, லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்களே, அது இடப்பெயர்ப்பு. 'வு' போய் 'ப்பு' வந்ததும் வேலையைச் செய்த ஆள் மாறிவிடுகிறார். (மொழிபெயர்ப்பு என்கிறோம், மொழிபெயர்வு என்பதில்லை.) கடப்பாரை போட்டுக் கல்லைப் பெயர்ப்பதும் இதே சொல்தான், அதிலுள்ள வலுக்கட்டாயமும் இங்கே பொருந்துகிறது.

சில சமயம் விலங்கை ஏற்றிப் போவது அதன் மரபணுவுக்காகவே. கரும்பைத் தின்ற வண்டுகளை ஒழிக்க 1935இல் ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கரும்புத் தேரையைக் கொண்டுவந்தார்கள். வண்டு ஒழியவில்லை, தேரை பரவியது. தோளில் நச்சுச் சுரப்பி உள்ள அந்தத் தேரையைக் கவ்விய வடக்குக் குவால்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. குவால் என்பது உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளி போட்ட, பூனையைவிடச் சிறிய பைம்மா (கங்காருவைப் போன்ற பைப்பாலூட்டி). ஆனால் குயின்ஸ்லாந்தில் சில குவால்கள் தேரையைச் சீண்டாமல் ஒதுங்கிப் பிழைத்தன. தேரையே பார்க்காத ஊர்க் குவாலோடு அவற்றை இணைசேர்த்தபோது, குட்டிகளும் தேரையை ஒதுக்கின. அப்படியானால் அந்தத் தயக்கம் பழக்கத்தால் வந்ததல்ல, பிறவியிலேயே வருவது. 2017இல் இப்படிப் பிறந்த கலப்புக் குவால்களை, தேரைகள் நிறைந்த இந்தியன் தீவில் விட்டுப் பார்த்தார்கள். டார்வின் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள தீவு அது.

வேண்டிய மரபணு உள்ள விலங்குகளைக் கொண்டுபோய் விட்டு, அந்த மரபணுவை அங்கே பரவவைக்கும் இந்த முறைக்குப் பெயர் 'டார்கெட்டட் ஜீன் ஃப்ளோ'. 'இலக்குசார் மரபணுப் பாய்வு' என்று நேராகப் பெயர்க்கலாம்தான். ஆனால் மறுபடியும் அதே தன்வினைச் சிக்கல். ஆற்றில் தண்ணீர் பாய்கிறது. வயலுக்கு நாம் பாய்ச்சுகிறோம். இங்கே வாய்க்கால் வெட்டியது மனிதர்கள். ஆகவே 'மரபணுப் பாய்ச்சல்' என்பேன். புலிப் பாய்ச்சல் போலத் தொனிக்கிறதே என்றால், நீர்ப்பாய்ச்சலை நினைத்துக்கொள்ளுங்கள்.