பதமிட்ட கண்ணாடி: ‘டஃபண்ட் கிளாஸ்’ என்ற சொல்லும் அது தானே நொறுங்குவதும்

ஒரு பிற்பகல், ஆள் இல்லாத அறையில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி ‘டமார்’ என்று போனது. ஓடிப் போய்ப் பார்த்தோம். கல் இல்லை, பந்து இல்லை, பறவை மோதிய தடமும் இல்லை. சட்டத்துக்குள் பாதிக் கண்ணாடி வெள்ளை வலை போல நின்றது. மீதி தரையில் சின்னச் சின்னக் கட்டிகளாகக் குவிந்து கிடந்தது. அந்தக் குவியலுக்குள்ளிருந்து கொஞ்ச நேரத்துக்கு ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. பொருத்திக் கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டால், “அது டஃபண்ட் சார், தானா உடையாது. நீங்கதான் எதையாவது இடிச்சிருப்பீங்க” என்றார்.

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெயரே அப்படி நம்ப வைக்கிறது. அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘டஃப்’ என்றால் எளிதில் முறியாதது, கிழியாதது. பொருளறிவியலில் இன்னும் குறிப்பாக, முறிவதற்கு முன் நிறைய ஆற்றலை உள்வாங்கிக்கொள்ளக்கூடியது. தோலும் எஃகும் அப்படிப்பட்டவை. கண்ணாடி அப்படி இல்லை, ‘டஃபண்ட்’ செய்த பிறகும் இல்லை. அதன் கடினம்கூட மாறுவதில்லை. சாதாரணக் கண்ணாடியில் கீறல் போடுவது எதுவோ அது இதிலும் போடும். ஆகவே ‘கடினக் கண்ணாடி’ என்று தமிழாக்குவது சரியாகாது. ‘வலுவூட்டிய கண்ணாடி’ என்றால் உள்ளே கம்பி வைத்தது போல, வெளியிலிருந்து எதையோ சேர்த்தது போல ஆகிவிடுகிறது. ‘உடையாத கண்ணாடி’ என்று விற்பவர்களும் உண்டு. அது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

அப்படியானால் மாறுவது என்ன? வெட்டி, துளை போட்டு, விளிம்பு தேய்த்து முடித்த பலகையைச் சுமார் 620 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். உடனே இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சி அடித்துக் குளிரவைக்கிறார்கள். வெளிப்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி தாமதமாகக் குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது. ஏற்கெனவே இறுகிய வெளிப்பரப்பு அதற்கு விடுவதில்லை. இந்த இழுபறி அப்படியே உறைந்துபோகிறது: வெளிப்பக்கம் அழுந்திய நிலையில், உள்ளே இழுபட்ட நிலையில். கண்ணாடி பொதுவாகப் பரப்பிலுள்ள நுண்கீறல் விரிவதால்தான் உடையும். இங்கே அந்தக் கீறலை அழுத்தம் மூடிப் பிடித்திருப்பதால், அதே கனமுள்ள சாதாரணக் கண்ணாடியைப் போல நான்கைந்து மடங்கு தாங்குகிறது. ஆனால் ஒரு விரிசல் அந்த அழுந்திய படலத்தைத் தாண்டி உள்ளே போய்விட்டால், தேங்கி நிற்கும் இழுவிசை முழுவதும் ஒரே நொடியில் அவிழ்கிறது. பலகை முழுவதும் போய்விடும். இதைப் பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாததற்கும் இதுதான் காரணம்.

இன்னொரு பெயர் ‘டெம்பர்டு கிளாஸ்’. செல்போனுக்கு ஒட்டும் ‘டெம்பர்’ வழியாக எல்லோர் வாயிலும் புழங்குவது. இதன் வேர் லத்தீனின் ‘டெம்பெராரே’: சரியான அளவில் கலப்பது, அளவோடு வைப்பது. இரும்பைச் சுட்டுக் குளிரவைத்து வேண்டிய நிலைக்குக் கொண்டுவரும் வேலைக்கு அந்தச் சொல் போனது, பிறகு கண்ணாடிக்கும் வந்தது. நம்மிடம் இதற்கு இணையான சொல் கையருகிலேயே இருக்கிறது: பதம். பதம் என்றாலும் தக்க நிலை, சரியான பக்குவம்தான். கொல்லுப் பட்டறையிலும் பதம் என்பது இதே பொருளில்தான். இரும்பைச் சுட்டு நீரில் இடும் வேலை தமிழில் எவ்வளவு பழையது என்பதற்கு, கொல்லன் உலையில் காய்ந்த இரும்பு உறிஞ்சிய நீரை ‘இரும்புண் நீர்’ என்று பேசும் புறநானூற்றின் 21ஆம் பாடலே சான்று.

‘தோய்ச்சல் கண்ணாடி’ என்றும் சொல்லலாமே என்று தோன்றும். 1874இல் பிரான்சின் ராயர் டி லா பாஸ்டி காப்புரிமை பெற்ற முறையில், சூடான கண்ணாடியை நிஜமாகவே எண்ணெயில்தான் தோய்த்தார்கள். இன்று தோய்ப்பது இல்லை, ஊதுவதுதான். எனவே எழுத்தில் ‘பதமிட்ட கண்ணாடி’, பேச்சில் ‘பதம் போட்ட கண்ணாடி’ என்பதே என் தேர்வு. அது வலுவை மட்டும் சொல்லாமல், உள்ளே ஒரு நிலை பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்கிறது.

அடுத்து, எங்கள் ஜன்னலுக்கு நேர்ந்ததற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்: ‘ஸ்பான்டேனியஸ் பிரேக்கேஜ்’. லத்தீனின் ‘ஸ்பான்டே’ என்றால் தன் விருப்பப்படி. அதை அப்படியே ‘தன்னிச்சை உடைவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். கண்ணாடிக்கு இச்சை ஏது? தவிர, ‘உடைதல்’ இங்கே போதாது. குச்சி உடையும், பானை உடையும். சில்லு சில்லாகப் போவதற்கு ‘நொறுங்குதல்’ என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறோம். ‘வெடித்தது’ என்பதும் பேச்சில் இயல்பு. ஆனால் எழுத்தில் ‘வெடிப்பு’ விரிசலையும் குறிக்கும், பதமிட்ட கண்ணாடியோ ஒற்றை விரிசலோடு நிற்பதே இல்லை. ஆகவே ‘தானே நொறுங்குதல்’. ஒரு எச்சரிக்கை: ‘தானே’ என்பதற்கு ‘காரணமின்றி’ என்று பொருள் இல்லை. அந்த நேரத்தில் வெளியிலிருந்து அடி விழவில்லை, அவ்வளவுதான்.

காரணங்களில் பேர்போனது நிக்கல் சல்ஃபைடு. கண்ணாடி உருகும்போது நிக்கல் துணுக்கும் கந்தகமும் சேர்ந்து, மணலைவிடச் சிறிய உருண்டைகளாக உள்ளே தங்கிவிடும். இந்தச் சேர்மத்துக்கு 379 டிகிரிக்கு மேல் ஒரு படிக வடிவம், கீழே வேறு வடிவம். மெதுவாகக் குளிர்ந்தால் சிக்கலின்றி மாறிவிடும். பதமிடும்போது மாற நேரமில்லாமல் மாட்டிக்கொள்கிறது. பிறகு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் மெல்ல மாறி, 2 முதல் 4 சதவீதம் வரை பருக்கிறது. இழுபட்டு நிற்கும் உட்பகுதியில் அது இருந்தால் அந்தப் பருமனே போதும். மெல்போர்னில் ஐசிஐ ஹவுஸ் என்ற உயர்ந்த கட்டடத்தின் கண்ணாடிகள் நொறுங்கியதை ஆராய்ந்த பேலன்டைன், 1961இல் இந்தக் காரணத்தை எழுதிவைத்தார்.

எல்லாப் பழியையும் நிக்கல்மீது போட்டுவிடக் கூடாது. பொருத்தும்போது விளிம்பில் விழுந்த சிறு சிராய்ப்பு, இடையில் ரப்பர் இல்லாமல் சட்டத்தின் உலோகம் நேராகக் கண்ணாடியில் உரசுவது, இறுக்கமான திருகு ஆகியவையும் அன்றைக்கே வேலையைக் காட்டாமல் வெகுநாள் கழித்துக் காட்டும்.

எது என்று கண்டுபிடிக்க ஒரு தடயம் உண்டு. கண்ணாடி இன்னும் சட்டத்தில் நிற்கிறது என்றால் தொடாதீர்கள். விரிசல் கோடுகள் எந்த இடத்திலிருந்து கதிர்போலப் பிரிகின்றன என்று பாருங்கள். அந்த மையத்தில் மற்றவற்றைவிடப் பெரிய இரண்டு துண்டுகள் பட்டாம்பூச்சியின் இறக்கைபோல ஒட்டி நின்று, அவற்றுக்கு நடுவே ஒரு புள்ளி தெரிந்தால் நிக்கல் சல்ஃபைடு என்று சந்தேகிக்கலாம், ஆய்வகத்தில்தான் உறுதியாகும். மையம் விளிம்போரம் இருந்தால் பொருத்தியதைச் சந்தேகியுங்கள். நாங்கள் இதெல்லாம் தெரியாமல் துடைப்பத்தை எடுத்துவிட்டோம், தடயமும் குப்பையோடு போய்விட்டது. முதலில் படம் எடுங்கள். அப்புறம் செருப்பும் கையுறையும் போட்டுக்கொண்டு, நிற்கும் பகுதியில் அகலமான டேப் ஒட்டி, அந்த இரண்டு துண்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள். துண்டுகளின் முனை மழுங்கலாகத் தெரிந்தாலும் கட்டியாக மேலிருந்து விழுந்தால் காயப்படுத்தும்.

புதிதாகப் போடும்போது தேவைப்படும் சொற்கள் இரண்டு. ஒன்று ‘லேமினேட்டட்’, அதாவது அடுக்குக் கண்ணாடி: இரண்டு பலகைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, உடைந்தாலும் துண்டுகள் படலத்தோடு ஒட்டி நிற்கும். உயரத்து ஜன்னலுக்கும் தலைக்கு மேலுள்ள கூரைக்கும் நான் இதைத்தான் கேட்பேன். இன்னொன்று ‘ஹீட் சோக் டெஸ்ட்’. பதமிட்ட பலகைகளை 260 முதல் 290 டிகிரி சூட்டில் சில மணி நேரம் வைத்திருப்பார்கள். கெட்ட உருண்டை உள்ளவற்றில் பெரும்பாலானவை அங்கேயே நொறுங்கிவிடும், எல்லாமே போய்விடும் என்று உறுதி சொல்ல முடியாது. ‘வெப்ப நனைப்பு’ என்று எங்கோ எழுதியிருந்தார்கள்; சூடு நனைக்காது. மெல்ல உள்ளே இறங்குவதற்குத் தமிழில் ‘ஊறுதல்’ என்று பெயர், எனவே ‘வெப்ப ஊறல் சோதனை’. ஆர்டர் எழுதும் தாளில், கண்ணாடியின் கனத்துக்குப் பக்கத்திலேயே “பதமிட்டது, வெப்ப ஊறல் சோதனை செய்தது” என்று எழுதி, அதற்கான சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.