மெசினா நீரிணையின் சுழல்

பண்டைய கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியத்தில் கப்பல்களை விழுங்கும் கரிப்டிஸ் என்ற சுழல் அரக்கி வருகிறாளே, அப்படியொரு சுழல் நிஜத்தில் உண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்டு. சிசிலித் தீவின் வடகிழக்கு மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கேப்போ பெலோரோ என்ற மணல் முனையை ஒட்டித்தான். கப்பலையெல்லாம் விழுங்காது, ஆனால் சிறு படகில் போகிறவர்கள் இன்றைக்கும் பார்த்துத்தான் போக வேண்டும்.

முனைக்கு எதிரே இத்தாலியப் பெருநிலம், நடுவில் சுமார் 3 கி.மீ. அகலத்தில் மெசினா நீரிணை. வடக்கே டிரெனியன் கடல், தெற்கே அயோனியன் கடல். நிலவும் சூரியனும் இழுப்பதால் ஓதம் ஏறி இறங்கும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் இங்கே ஓதம் ஒரு முழம்கூட ஏறாது. அப்புறம் எங்கிருந்து இந்த ஆட்டம்?

வடக்கே கடல் ஏறியிருக்கும் நேரத்தில் தெற்கே வற்றியிருக்கும், வேடிக்கையே அதுதான்! சில கிலோமீட்டருக்குள் கடல்மட்டத்திலேயே ஒரு சரிவு உண்டாகிவிடுகிறது, தண்ணீர் சும்மா இருக்குமா? போகிற வழியில் கடலடி சுமார் 80 மீட்டர் ஆழத்துக்கு மேலெழும்பி நிற்பதால், அத்தனை நீரும் அந்த இடுக்கில் பிதுங்கி நொடிக்கு 2 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது. ஏறக்குறைய ஆறு மணிக்கொரு முறை திசை மாறும். கரிப்டிஸ் நாளுக்கு மூன்று முறை நீரை உறிஞ்சி உமிழ்வாள் என்கிறார் ஹோமர்; அரக்கியை விட்டுத் தள்ளினால், கணக்கு ரொம்பத் தப்பில்லை.

இதோடு முடியவில்லை. அயோனியன் நீர் குளிர்ந்தது, உப்பும் அதிகம், அதனால் கனம். வடக்கே போகும்போது அது டிரெனியன் நீருக்கு அடியில் நுழைந்துகொள்ளும். ஓட்டம் திரும்பினால் டிரெனியன் நீர் அதன் மேலேறிப் பரவும். இரண்டும் உரசுகிற கோட்டில்தான் சுழிகள் கிளம்புகின்றன.

அந்தக் கலக்கத்தில் ஆழ்கடல் மீன்களும் மாட்டிக்கொள்ளும். வயிற்றோரம் வரிசையாக ஒளியுறுப்புகள் கொண்ட விரல்நீள மீன்கள், இரை தேடி இரவில் மேலே வந்தவை, ஓட்டத்தில் அடித்து வரப்பட்டு விடியற்காலையில் மெசினா கரையில் கிடக்கும். நீர்மூழ்கி இல்லாமலேயே ஆழ்கடலைப் பார்க்கலாம்! 1859-இல் ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இங்கே வந்து தங்கி, ரேடியோலேரியா என்ற நுண்ணுயிர்களை வாரி வாரி ஆராய்ந்தார்.

இந்த நீரிணைக்கு மேலே பாலம் கட்ட 2025 ஆகஸ்டில் இத்தாலி அரசு 1,350 கோடி யூரோ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, அக்டோபரில் தணிக்கை நீதிமன்றம் முட்டுக்கட்டை போட்டது. பாலம் வருமோ வராதோ, அந்தப் பணத்தில் ஒரு துளியையாவது கீழே ஓடும் தண்ணீரை அளக்கக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. வரைபடத்தில் தூண்கள் இரண்டும் கரையில்தான், நடுவில் 3.3 கி.மீ. அந்தரத்தில் தொங்க வேண்டும். தண்ணீருக்குள் தூண் நட இந்த ஆழமும் ஓட்டமும் இடம் கொடுக்கவில்லை.